கண்ணனின் பிள்ளைப் பருவக் கதைகள் நூலுக்கு நூல் மாறுவது ஏன்?

கண்ணனின் இளமைக் கதைகள் மகாபாரதத்தில் இல்லாததால் அவை பிற்காலத்துக் கற்பனையா என்று கேட்டிருக்கிறீர்கள். பாகவதத்தில் மண் தின்ற வாயில் தெரிந்த உலகம், பெரியாழ்வார் பாடலில் வேறொரு சமயத்தில் தெரிகிறதே, இவற்றுள் எதை மூலமாகக் கொள்வது என்பதும், பிள்ளைகளுக்கு எதைச் சொல்வது என்பதும் உங்கள் அடுத்த கேள்விகள். கதைகளின் அடிப்படை மிகப் பழையது. ஆனால் இன்று நாம் அறிந்த வடிவம் ஒரே நூலிலோ ஒரே காலத்திலோ உருவானதன்று. ஒவ்வொரு நூலும் அந்தக் குழந்தையை வேறொருவர் நின்ற இடத்திலிருந்து பார்க்கிறது. மகாபாரதத்தின் பின்னிணைப்பான அரிவம்சத்தில் நாம் ஆயர்களின் நடுவே நின்று, நடப்பது புரியாமல் வியக்கிறோம். பாகவதத்தில் அவன் யார் என்பதை முன்பே அறிந்த அடியவரின் அருகில் நிற்கிறோம். தமிழ்ப் பாசுரங்களில் பெரும்பாலும் தாயின் இடுப்புக்குப் பக்கத்தில் நிற்கிறோம். வேறுபாடுகளில் பெரும்பகுதி இந்த இடமாற்றத்தால் விளைந்தது என்பதே என் கருத்து.

முதலில் மகாபாரதம். திரௌபதியின் சுயம்வரத்தில்தான் கண்ணன் அந்தக் கதைக்குள் வருகிறான். அப்போதே வளர்ந்த யாதவ வீரன். அதனால் பாரதம் இயற்றியவர்களுக்கு ஆயர்பாடிக் கதைகள் தெரியாது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சபா பருவத்தில், தருமனின் இராசசூய வேள்வியில் கண்ணனுக்கு முதல் மரியாதை செய்யப்பட்டபோது சிசுபாலன் வெகுண்டு பேசும் பேச்சைப் படித்துப் பாருங்கள். குழந்தையாக இருந்தபோது இவன் ஒரு பறவையைக் கொன்றானாம், போர் அறியாத குதிரையையும் காளையையும் கொன்றானாம், உயிரில்லாத மரவண்டி ஒன்றைக் காலால் உதைத்துத் தள்ளினானாம், புற்றளவே உள்ள கோவர்த்தனத்தை ஏழு நாள் தாங்கினானாம், மலைமேல் உட்கார்ந்து நிறையச் சோறு தின்றானாம், இவற்றில் என்ன வியப்பு இருக்கிறது என்று அவன் இகழ்கிறான். பகைவன் எள்ளி நகையாடும் அளவுக்கு அந்தச் செயல்கள் அவையில் இருந்த அனைவருக்கும் தெரிந்திருந்தன என்றுதான் இந்தக் காட்சி அமைந்திருக்கிறது. புகழ்ச்சியாக வந்திருந்தால் பிற்காலச் செருகல் என்று எளிதில் ஒதுக்கியிருப்பார்கள். வசையாக வந்திருப்பதால் அந்தச் சான்றுக்குத் தனி மதிப்பு உண்டு.

பாரதம் சொல்லாமல் விட்டதை நிறைவு செய்வதற்காகவே அதன் பின்னிணைப்பாக அரிவம்சம் எழுந்தது. அதற்குப் பின் விஷ்ணு புராணத்தின் 5ஆம் அம்சம் (பகுதி), அதற்கும் பின் பாகவதத்தின் 10ஆம் கந்தம் (பிரிவு) என்பதே ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்கும் வரிசை. மூன்றையும் அடுத்தடுத்துப் படித்தால், முதல் இரண்டில் அசுரர்கள் எவ்வளவு குறைவு என்பதே முதலில் கண்ணில் படும். அரிவம்சத்தில் பூதனை நள்ளிரவில் பறவை வடிவில் வருகிறாள். சிசுபாலன் பறவை என்று சொன்னதும் இவளைத்தான். வண்டி கவிழும் கதையிலோ அசுரனே இல்லை. யசோதை குழந்தையை வண்டியின் அடியில் கிடத்திவிட்டு யமுனைக்கு நீராடப் போகிறாள். பசித்து அழுத குழந்தை காலை உதைக்கிறது. வண்டி குடை சாய்கிறது. பாகவதத்திலும் அந்த வண்டிக்குள் அசுரன் புகுந்திருந்ததாகச் சொல்லப்படவில்லை. அருகில் விளையாடிக்கொண்டிருந்த சிறுவர்கள், குழந்தைதான் உதைத்தான் என்று சொல்ல, சின்னப்பிள்ளைகள் பேச்சு என்று பெரியவர்கள் அதை நம்பாமல் விட்டுவிடுகிறார்கள். உண்மையைக் கண்ட சாட்சிகளை வயது காரணமாகத் தள்ளிவிடும் இந்தச் சிறிய இடம், பாகவதத்தில் எனக்கு மிகவும் பிடித்தவற்றுள் ஒன்று. ஆண்டாள் ‘கள்ளச் சகடம்’ என்று பாடும்போதுதான் வண்டிக்குள் வஞ்சகன் ஒருவன் இருப்பது ஐயமின்றித் தெரிகிறது.

மருத மரங்கள் இரண்டு முறிந்த கதையும் இப்படித்தான் வளர்ந்தது. உரலோடு கட்டப்பட்ட குழந்தை, அதை இழுத்துக்கொண்டு மரங்களுக்கு நடுவே தவழ, மரங்கள் வேரோடு சாய்ந்தன என்பது பழைய செய்தி. அம்மரங்கள் நாரதரின் சாபத்தால் நின்ற குபேரன் மைந்தர்களான நளகூபரனும் மணிக்ரீவனும் என்பது பாகவதம் சேர்த்த விளக்கம். வெறும் வலிமையைக் காட்டிய செயல், இந்த விளக்கத்தால் அருட்செயலாக மாறிவிடுகிறது. திருணாவர்த்தன், அகாசுரன், பிரமன் கன்றுகளையும் சிறுவர்களையும் ஒளித்துவைத்த நிகழ்ச்சி ஆகியவையும் பாகவதத்தில்தான் விரிவாக வருகின்றன. மறுபுறம், அரிவம்சத்தில் இருந்து பாகவதம் கைவிட்ட விசித்திரமான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. மேய்ச்சல் நிலம் வறண்ட பழைய இடத்தை விட்டு ஆயர்களைப் பிருந்தாவனத்துக்குக் கிளப்புவதற்காக, கண்ணன் தன் உடல் உரோமங்களிலிருந்து ஓநாய்க் கூட்டத்தை உண்டாக்கிப் பாடியை அச்சுறுத்துகிறான். பாகவதத்தில் இதற்கு ஓநாய்கள் தேவைப்படவில்லை. உபநந்தன் என்னும் முதியவர், இங்கே குழந்தைகளுக்குத் தொடர்ந்து கேடு வருகிறது, இடம் பெயர்வோம் என்று சொல்ல, எல்லோரும் உடன்பட்டு வண்டி பூட்டுகிறார்கள். தன் மக்களையே அச்சுறுத்தும் குழந்தையைப் பிற்காலப் பக்தி உள்ளம் ஏற்கத் தயங்கியிருக்க வேண்டும்.

பார்வை எவ்வாறு மாறியது என்பதைக் காளியன் கதையைக் கொண்டு இன்னும் துல்லியமாகக் காணலாம். யமுனையின் மடுவில் பாம்பின் பிடியில் கண்ணன் அசைவற்றுக் கிடக்கிறான். கரையில் ஆயர்கள் கதறுகிறார்கள். விஷ்ணு புராணத்தில் பலராமன் தம்பியை நோக்கி, மனிதத் தன்மையை ஏன் இப்படிக் காட்டிக்கொண்டிருக்கிறாய், நீ யார் என்பதை நினைத்துப் பார் என்ற பொருளில் பேசுகிறான். அரிவம்சத்திலும் இத்தகைய நினைவூட்டல் உண்டு. அதன் பிறகே கண்ணன் பிடியை உதறி எழுகிறான். பாகவதத்தில் அதே பலராமன் சிரித்துவிட்டு ஒன்றும் பேசாமல் நிற்கிறான். அங்கே கண்ணனுக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. அவன் மறந்தவன் அல்லன், விளையாடுபவன். அவன் அசைவற்றுக் கிடந்ததுகூட, தன்னை நம்பியவர்களின் துயரத்தைப் பார்த்து அதற்கு இரங்கி எழுவதற்காகவே என்று கதை நகர்கிறது. ஒரு வசனத்தை எடுத்துவிட்டு ஒரு சிரிப்பை வைத்ததால் கதையின் தத்துவமே மாறிவிட்டது.

பாகவதத்தின் இந்தப் போக்குக்கு அதன் அமைப்பும் காரணம். ஏழு நாளில் பாம்பு தீண்டி இறப்பான் என்று சபிக்கப்பட்ட பரீட்சித்து மன்னன் கேட்க, சுகர் சொல்லும் கதை அது. சாவை எதிர்நோக்கி இருப்பவனுக்கு ஒரு குழந்தையின் குறும்புகளை இவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டுமென்றால், ஒவ்வொரு குறும்புக்கும் உள்ளே ஒரு கதவு திறந்தாக வேண்டும். கொல்ல வந்த பூதனைக்கே தாய்க்குரிய கதி கிடைத்தது. அவள் உடல் எரிந்தபோது அகிலின் மணம் எழுந்தது. தாய் எத்தனை கயிற்றை முடிந்தாலும் இரண்டு விரற்கடை குறைந்தது. அவள் வியர்த்துக் களைத்ததைக் கண்டு அவனே கட்டுண்ண இசைந்தான். பிரமன் கன்றுகளையும் சிறுவர்களையும் மறைத்தபோது, கண்ணனே அத்தனை கன்றுகளாகவும் அத்தனை சிறுவர்களாகவும் ஓராண்டு வாழ்ந்தான். ஆய்ச்சியருக்குத் தம் பிள்ளைகள்மேல் அந்த ஆண்டு முழுவதும் இனம் தெரியாத அன்பு பெருகியது. கண்ணனின் ஐந்தாம் வயதில் நடந்த அகாசுர வதத்தை, மீண்டு வந்த சிறுவர்கள் அவனுடைய ஆறாம் வயதில் ‘இன்று நடந்தது’ என்று வீட்டில் சொன்னார்கள் என்னும் நுட்பமும் இங்கே உண்டு. இடையில் போன ஓராண்டு அவர்களுக்குத் தெரியவே இல்லை.

இனித் தமிழுக்கு வருகிறேன். உங்கள் கேள்விக்கு மிக முக்கியமான சான்றுகள் இங்கேதான் கிடைக்கின்றன. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில், மதுரையின் ஆயர் சேரியில் பால் உறையாமலும் வெண்ணெய் உருகாமலும் தீநிமித்தங்கள் தோன்ற, மாதரி தன் மகள் ஐயையிடம் குரவை ஆடுவோம் என்கிறாள். முன்பு ஆயர்பாடியின் எருமன்றத்தில் மாயவன் தன் அண்ணனோடு ஆடிய ‘வாலசரிதை நாடகங்களில்’ (பிள்ளைப் பருவக் கதை நாடகங்களில்) ஆயர்குலக் காதலி நப்பின்னையோடு ஆடிய குரவை அது என்று இளங்கோ குறிக்கிறார். கண்ணனின் இளமைச் செயல்கள் அக்காலத்திலேயே ஆடிக்காட்டும் கதைத் தொகுதியாக இருந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான சொல் வேண்டியதில்லை. கடலைக் கலக்கிய கை யசோதையின் கடைகயிற்றால் கட்டுண்ட கை என்றும், உலகை உண்ட வாய் களவினால் உறிவெண்ணெய் உண்ட வாய் என்றும் அந்தப் பெண்கள் பாடுகிறார்கள். இதில் கவனிக்க வேண்டியது வெண்ணெய். அரிவம்சத்திலும் விஷ்ணு புராணத்திலும் யசோதை குழந்தையைக் கட்டுவதற்குக் காரணம் வெண்ணெய்த் திருட்டு அன்று. தொழுவத்துக்குள்ளும் சாணத்திலும் ஓயாமல் தவழ்ந்து திரியும் பிள்ளைகளை அடக்க முடியாமல்தான் கட்டுகிறாள். வெண்ணெய்க் களவைக் கண்ணனின் முதன்மை அடையாளமாக இத்தனை முன்னதாகவே கொண்டாடியவர்கள் தமிழ்ப் பாடகர்கள். நம்மாழ்வார் திருவாய்மொழியில், வெண்ணெய்க் களவில் அகப்பட்டு உரலோடு இணைந்து ஏங்கிய எளிமையை ‘எத்திறம்’ என்று வியந்து, ஆறு மாதம் மயங்கிக் கிடந்தார் என்று வைணவ மரபு சொல்லும்.

அதைவிட வலிமையான சான்று விளாமரக் கதை. ‘கன்று குணிலாக் கனியுதிர்த்த மாயவன்’ என்பது ஆய்ச்சியர் குரவை. கன்று வடிவில் வந்தவனைக் குறுந்தடிபோல வீசிக் கனியை உதிர்த்தவன் என்பது பொருள். ஆண்டாளும் ‘கன்று குணிலா எறிந்தாய் கழல் போற்றி’ என்று இதையே பாடுகிறாள். அரிவம்சத்திலும் விஷ்ணு புராணத்திலும் இந்தக் கதை இல்லை. ஆனால் பாகவதத்தில் வத்சாசுரன் கன்றாக வர, கண்ணன் அவனைப் பின்னங்கால்களில் பிடித்துச் சுழற்றி விளாமரத்தின் மேல் எறிகிறான். மரம் கூட மாறவில்லை. ‘புள்ளின் வாய் கீண்டான்’ என்று ஆழ்வார்கள் பாடும் கொக்குருவ அசுரனும் அவ்வாறே முந்தைய இரண்டு வடநூல்களில் இல்லாமல் பாகவதத்தில் தோன்றுகிறான். பாகவதத்தின் 11ஆம் கந்தமோ, கலியுகத்தில் தாமிரபரணி, கிருதமாலை, பயஸ்வினி, காவிரி ஆகிய ஆறுகள் பாயும் திராவிட நாட்டில் நாராயண பக்தர்கள் மிகுதியாகத் தோன்றுவர் என்று பேசுகிறது. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது, கதைகள் வடக்கிலிருந்து தெற்குக்கு மட்டுமே வந்தன என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். தமிழ் நிலத்தில் பாடியும் ஆடியும் வந்தவை பாகவதத்துக்குள் சென்று, வடமொழிக் கதையாக நாடெங்கும் பரவின என்று கருதுவதற்கு வலுவான இடம் இருக்கிறது.

சங்க இலக்கியத்திலும் ஒரு பொறி உண்டு. அகநானூற்றின் 59ஆம் பாட்டில், தொழுநை ஆற்றின் மணல் துறையில் ஆயர் மகளிர் தழை உடுத்துவதற்காக மரக்கிளை தாழும்படி மிதித்துத் தந்த மால் உவமையாக வருகிறான். தொழுநை என்பது யமுனைதான். பாகவதத்தில் ஆடைகளை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறுபவன், இங்கே மரத்தை வளைத்து மானம் காக்கிறான்.

பெரியாழ்வாரைப் பற்றிக் கேட்டதற்கு இப்போது நேராகப் பதில் சொல்லலாம். பாகவதத்தில் குழந்தையின் வாய்க்குள் உலகம் இருமுறை தெரிகிறது: பாலருந்தி முடித்துக் கொட்டாவி விடும்போது ஒருமுறை, மண் தின்றதாகப் பலராமனும் மற்றச் சிறுவர்களும் குற்றம் சாட்டி, தாய் வாயைத் திறக்கச் சொன்னபோது மற்றொரு முறை. இரண்டாவது காட்சியில் யசோதை உண்மையை உணரத் தொடங்கும் நேரத்தில் மாயை அவளை மூடுகிறது. அவள் எல்லாவற்றையும் மறந்து பிள்ளையை மடியில் எடுத்துக்கொள்கிறாள். பெரியாழ்வார் திருமொழியின் முதல் பதிகத்திலோ குற்றச்சாட்டும் விசாரணையும் இல்லை. கையையும் காலையும் நிமிர்த்து, கொப்பரை நீரில் மெல்ல ஆட்டி, பசுமஞ்சளால் நாக்கு வழிக்கும்போது குழந்தை வாயைத் திறக்க, ‘வையம் ஏழும் கண்டாள் பிள்ளை வாயுளே’ என்று முடிகிறது. அடுத்த பாட்டில் அதைக் கண்ட பெண்கள், இவன் ஆயர் மகன் அல்லன், அருந்தெய்வம் என்று பேசி மகிழ்கிறார்கள். அவர்கள் மறக்கவும் இல்லை, அஞ்சவும் இல்லை. தெரிந்துகொண்டே அவனுக்கு மீண்டும் நீராட்டுகிறார்கள், காது குத்துகிறார்கள், பூச்சூட்டுகிறார்கள். பாகவதத்தில் தாய்மைக்கு இடம் கொடுக்க அறிவு விலக வேண்டியிருக்கிறது. பெரியாழ்வாரிடம் இரண்டும் ஒரே முற்றத்தில் இருக்கின்றன. அந்த முற்றமும் கோகுலத்தில் இல்லை. ‘வண்ண மாடங்கள் சூழ் திருக்கோட்டியூர்’ என்று தொடங்கி, பிறந்தநாள் கொண்டாட்டத்தில் தூவிய எண்ணெயும் சுண்ணமும் கலந்து சேறான முற்றத்தை அவர் காட்டுகிறார்.

வீரச் செயல்களை அவர் விட்டுவிடவில்லை. ஆனால் அவற்றைத் தாய் சொல்லும் பேச்சுக்குள் மடித்து வைக்கிறார். தொட்டிலில் கிடந்தால் கிழிய உதைக்கிறான், எடுத்தால் இடுப்பை முறிக்கிறான், இறுக அணைத்தால் வயிற்றில் பாய்கிறான், எனக்குத் தெம்பில்லை, மெலிந்துவிட்டேன் என்று ஒரு பாட்டில் யசோதை அலுத்துக்கொள்கிறாள். சகடத்தை நொறுக்கிய கால் இங்கே தொட்டில் துணியில் தெரிகிறது. நிலாவை அழைக்கும் பதிகத்தில், சிறியவன் என்று என் இளஞ்சிங்கத்தை இகழாதே, சிறுமையின் வார்த்தையை மாவலியிடம் போய்க் கேள் என்று அவள் சந்திரனை எச்சரிக்கிறாள். வாமன அவதாரக் கதை முழுவதும் ஒரு தாயின் மிரட்டலில் அடங்கிவிட்டது. தாலாட்டு, செங்கீரை, சப்பாணி, அம்புலி எனப் பருவம் பருவமாக அவர் பாடிய முறையே பின்னர்ப் பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகைக்கு வழி வகுத்தது. அந்த வடிவில் முருகனும் மீனாட்சியும்கூடத் தமிழில் குழந்தைகள் ஆனார்கள்.

இதே தாய்ப் பார்வையின் மறுபக்கத்தைக் குலசேகரர் பாடியிருக்கிறார். மற்ற நூல்கள் ஏறக்குறைய மறந்துவிட்ட தேவகியை அவர் பெருமாள் திருமொழியின் 7ஆம் பதிகத்தில் பேசவைக்கிறார். பெற்றவள் அவள், ஆனால் தாலாட்டியதும் இல்லை, தளர்நடை கண்டதும் இல்லை, வெண்ணெய் அளைந்த கையோடு அவன் அஞ்சி நின்ற கோலத்தைப் பார்த்ததும் இல்லை. அத்தனையையும் ‘தெய்வ நங்கை யசோதை பெற்றாளே’ என்று அவள் ஏங்குகிறாள். கம்சன் வதத்தோடு மகிழ்ச்சியாக முடிந்துவிட்டதாக நாம் நினைக்கும் கதையில் ஈடுசெய்ய முடியாத இழப்பு ஒன்று இருந்ததை இந்தப் பதிகம் இல்லாமல் நாம் கவனித்திருக்க மாட்டோம்.

இத்தனை மாற்றங்களுக்கும் நடுவில் அதிகம் மாறாமல் நிற்பது கோவர்த்தனக் கதை. இந்திரனுக்கு வழக்கமாகச் செய்யும் விழாவை நிறுத்தி, நமக்கு வாழ்வு பசுவும் மலையும் காடும்தான், அவற்றையே வழிபடுவோம் என்று சிறுவன் வாதிடுவதும், மலையுருவில் அவனே படையலை உண்பதும், ஏழு நாள் மழையில் மலையைக் குடையாகப் பிடிப்பதும் மூன்று வடநூல்களிலும் உள்ளன. மாமல்லபுரத்தில் 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிகள் பாறையில் வடித்த கோவர்த்தனக் காட்சியில், மேலே மலை தாங்கப்பட்டிருக்க, கீழே ஒருவர் கவலையின்றிப் பால் கறந்துகொண்டிருக்கிறார். பாதுகாப்பைக் காட்ட அந்தச் சிற்பி வேறு எதையும் தேடவில்லை. கதையின் முடிவில் அரிவம்சமும் விஷ்ணு புராணமும் சொல்லும் ஒரு செய்தி உங்கள் முதல் கேள்விக்கே உதவுகிறது: தோற்று வந்த இந்திரன், தன் மகன் அருச்சுனனைக் காத்தருள வேண்டும் என்று கண்ணனிடம் வேண்டுகிறான். பாரதத்தின் தேரோட்டிக்கும் ஆயர்பாடியின் இடையனுக்கும் அந்த நூலாசிரியர்கள் இவ்வாறு பாலம் அமைத்திருக்கிறார்கள்.

ஆகவே ஒன்றை மூலம் என்று நிறுத்தி மற்றவற்றைத் திரிபு என்று தள்ள வேண்டியதில்லை. பழமையைத் தேடுபவர் சபா பருவத்தையும் அரிவம்சத்தையும் பார்க்கலாம். விஷ்ணு புராணத்தின் 5ஆம் அம்சம் சுருக்கமானது. கதைப்போக்கை ஒரே மூச்சில் அறிய விரும்புபவர் அதில் தொடங்குவது நல்லது. பாகவதத்தின் 10ஆம் கந்தத்தில் 90 அத்தியாயங்கள் இருந்தாலும் கம்சன் வதம் 44ஆம் அத்தியாயத்தில் முடிந்துவிடுவதால், பிள்ளைப் பருவக் கதைகளுக்கு முதற்பாதி போதும். பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு எது ஏற்றது என்றால், சிறு குழந்தைகளிடம் பூதனையிலிருந்து தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாலூட்ட வந்தவள் கொல்ல வந்தவள் என்பது அந்த வயதுக்கு அச்சத்தைத்தான் தரும். கயிறு இரண்டு விரற்கடை குறைந்த கதையும், யாரும் நம்பாத சிறுவர் சாட்சிகள் வரும் வண்டிக் கதையும் அவர்களுக்கு உடனே பிடிக்கும். ஏழெட்டு வயதானவர்களுக்குக் கோவர்த்தனத்தைச் சொல்லலாம்; மலையைத் தூக்கியபோது கண்ணனுக்கும் வயது ஏழுதான் என்று பாகவதம் சொல்கிறது.